பரங்கிக் கொழுந்து

சென்னையில் இருக்கும் ஒரு தம்பி போனில் கேட்டார்: "ஐயா, எப்பப் பார்த்தாலும் வேலூர் போய் வந்தேன்னு எழுதறீங்க. விவசாயிக்கு டவுன்ல அப்படி இன்னா வேலை?" நியாயமான கேள்விதான். மல்லாட்டை பிடுங்கிக் காயவைத்தாச்சு, கையில் கொஞ்சம் நேரம் இருக்கிறது. அதனால் இந்தத் தடவை டவுன் கதை.

எங்கள் நிலம் அமிர்தி போகும் ரோட்டோரம், ஜவ்வாது மலை அடிவாரம். ஒன்றரை ஏக்கர், ஒரு கிணறு. அங்கிருந்து வேலூர் இருபத்தைந்து கிலோமீட்டர். விடியற்காலை பஸ்ஸில் மூட்டையை ஏற்றி லக்கேஜ் டிக்கெட் வாங்கி உட்கார்ந்தால் கணியம்பாடி, அடுக்கம்பாறை, பாகாயம் என்று வரிசையாக வரும். அந்த நேரத்துக்கு பஸ்ஸில் பூக்கூடைக்காரர்களும் பால்காரர்களும்தான். எட்டு மணிக்கு மேலே அதே ரோட்டில் வந்து பாருங்கள், காலேஜ் பிள்ளைகள் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு போவார்கள். அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி, பாகாயத்தில் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி, ஓட்டேரியில் முத்துரங்கம் அரசுக் கல்லூரி. டவுனுக்குள் போனால் 1898லிருந்து இருக்கும் ஊரிசு காலேஜ். ஜனாதிபதியாக இருந்த ராதாகிருஷ்ணன் அங்கே படித்தவர். பாலாற்றைத் தாண்டி காட்பாடிப் பக்கம் போனால் விஐடி. 1984ல் நூற்றிஎண்பது பிள்ளைகளோடு ஆரம்பித்தது, இன்றைக்கு அந்தப் பக்கம் பாதிக் கடைகளில் இந்தி போர்டு.

வேலூரைப் பற்றி ஒரு பழைய கிண்டல் உண்டு. தண்ணி இல்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில், மரம் இல்லாத மலை என்று. அதில் சாமி கணக்கு 1981லேயே தீர்ந்துவிட்டது, சத்துவாச்சாரியில் இருந்த லிங்கத்தைக் கொண்டுவந்து ஜலகண்டேஸ்வரர் கோயிலில் வைத்துவிட்டார்கள். ஆறும் 2021 நவம்பரில் கரை முட்ட ஓடி, சொன்னவங்க வாயை அடைத்தது. மற்ற ரெண்டும் அப்படியேதான் இருக்கிறது.

நான் மூட்டையை இறக்குவது நேதாஜி மார்க்கெட்டில். 2018 வரைக்கும் அதோடு என் டவுன் வேலை முடிந்துவிடும். மண்டிக்காரர் சொல்கிற விலை, அதில் கமிஷன் போக மீதி, ஒரு டீ, திரும்ப பஸ். அந்த வருஷம் பரங்கிக்காய் (சர்க்கரைப் பூசணின்னு சொன்னா உங்களுக்குத் தெரியும்) எக்கச்சக்கமாகக் காய்த்தது. எல்லார் நிலத்திலும் காய்த்தது, அதுதான் தொல்லை. ஒருநாள் மண்டியில் "வேணாம்பா, இருக்கறதே போவல" என்று ரெண்டு மூட்டையைத் திருப்பிவிட்டார்கள். திரும்பக் கொண்டுபோனால் அதற்கும் லக்கேஜ். சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு எதிரே லாட்ஜ்கள் நெருக்கமாக இருக்கும் ஒரு சந்தில், சாக்கை விரித்து உட்கார்ந்துவிட்டேன்.

அந்தச் சந்துகள் தனி உலகம். 1900ல் ஐடா ஸ்கடர் அம்மா ஒரே ஒரு கட்டிலோடு ஆரம்பித்த வைத்தியம், இன்றைக்கு வங்காளம், ஜார்க்கண்ட், அசாம், பங்களாதேஷ் வரைக்கும் ஜனங்களைக் கூட்டிக்கொண்டு வருகிறது. ஹவுரா ரயிலில் காட்பாடியில் இறங்கி, ஒரு மாசம் ரெண்டு மாசம் லாட்ஜில் தங்குகிறார்கள். அறையிலேயே அடுப்பு வைத்து சமைத்துக்கொள்வார்கள். கடுகு எண்ணெய், பொரி, ரோகு மீன் எல்லாம் அந்தத் தெருவிலேயே கிடைக்கும். கடைப் பலகையில் வங்காள எழுத்து. ஆட்டோக்காரர்கள் சில பேர் பேசுகிற வங்காளத்தைக் கேட்டால் அசந்துபோவீர்கள்.

ஒரு அம்மா வந்து நின்றார். நெற்றி வகிட்டில் குங்குமம், கையில் வெள்ளை வளையல். காயைப் பார்க்கவே இல்லை. மூட்டை வாய்க்கு மூடாக்காக நான் சுருட்டி அடைத்திருந்த கொடியை எடுத்து, நுனியைக் கிள்ளி, முகர்ந்து பார்த்து, "கத்தோ?" என்றார். விலை கேட்கிறார் என்பது எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. அது மாட்டுக்குப் போடுறதுங்க, சும்மாவே எடுத்துக்கோங்க என்று கையைக் காட்டினேன். அவர் விடவில்லை, பத்து ரூபாயை என் சட்டைப் பையில் வைத்துவிட்டுப் போனார். கால் மணி நேரத்தில் இன்னும் நாலு பேர் வந்தார்கள். காய் ரெண்டுதான் விற்றது. கொடி மொத்தமும் போய்விட்டது.

வீட்டில் சொன்னதும் என் பெண்டாட்டி, "கொடியைத் துன்றாங்களா? நீ குடிச்சிட்டு வந்தியா?" என்றாள்.

என் மகள் அப்போது பன்னிரண்டாம் வகுப்பு. அடுத்த வருஷம் முத்துரங்கம் காலேஜில் பி.காம். சேர்ந்தாள். ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டு, அவர்கள் கேட்கிற பேரை நான் வந்து சொல்லச் சொல்லத் தமிழில் எழுதி வைத்தாள். பரங்கிக் கொழுந்து 'குமுடோ ஷாக்', சுரைக் கொழுந்து 'லாவ் ஷாக்', கொடிப்பசலை 'புயி ஷாக்', வாழைப்பூ 'மோச்சா'. வள்ளைக்கீரை 'கல்மி'. பப்பாளிக்காய்க்கு அவ்வளவு கிராக்கி என்று எனக்குத் தெரியாது. நம்மூரில் பொம்பளைகள் அதைத் தொடவே பயப்படுவார்கள். அவர்களுக்கு அது நோயாளிக்குக் கொடுக்கிற காய், லேசாகக் குழம்பு வைத்துத் தருவார்கள்.

இன்னொரு கூத்து. அவர்கள் அண்ணனை 'தாதா' என்றுதான் கூப்பிடுகிறார்கள். "தாதா, ஏ தாதா" என்று நாலு பொம்பளைகள் என்னைச் சத்தம் போட்டுக் கூப்பிட, அந்தப் பக்கம் போன போலீஸ்காரர் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்.

கொழுந்து கிள்ளினால் காய் போய்விடுமே என்று முதலில் பயந்தேன். அப்படியில்லை. கொடி எட்டுப் பத்து இலை விட்டதும் நுனியைக் கிள்ளினால் பக்கக் கொடி நாலு விடும். அதிலும் ஒன்றுவிட்டு ஒன்று கிள்ளலாம். ஒரே தடவையில் மொட்டையடித்தால்தான் கொடி நின்றுபோகும். இதை எனக்குச் சரியாகக் காட்டிக் கொடுத்தவர் மால்டா பக்கத்து விவசாயி ஒருத்தர். அவரைப் பற்றித்தான் எழுத வந்தேன், எங்கெங்கேயோ போய்விட்டேன்.

2019 கடைசியில் வந்தார்கள், புருஷன் பெண்டாட்டி, பத்து வயசுப் பையன். பையனுக்கு ரத்தத்தில் ஏதோ கோளாறு. அந்த மனுஷர் தினமும் என் சாக்குப் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்காருவார். வாங்க மாட்டார், கீரைக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். அவர் கையைப் பார்த்ததுமே தெரிந்தது, நம்ம ஜாதி. வயல் ஜாதியைச் சொல்கிறேன். எங்களுக்குள் ஒரு பாஷையும் பொதுவில்லை. பக்கத்து ஆட்டோ ஸ்டாண்டில் இருக்கும் பாய்தான் நடுவில் நின்று சொல்வார். அவர் ஊரில் நெல்லும் சணலும். பையன் வைத்தியத்துக்கு ரெண்டு பிகா விற்றுவிட்டுத்தான் ரயில் ஏறினாராம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் பெண்டாட்டி பையனோடு இருக்க, அவரையும் பாயையும் நிலத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தேன். அன்றைக்கு ரோடு முழுக்க பைக். ஞாயிறு என்றால் டவுனே எங்கள் பக்கம் வந்துவிடும். காலேஜ் பிள்ளைகள் அமிர்தி பூங்காவில் மானும் முதலையும் பார்க்கவும் அருவிக்குப் போகவும் ஜோடி ஜோடியாக வருவார்கள். அவர் அதையெல்லாம் பார்க்கவில்லை. செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டுவிட்டு நேராகக் கொடிக்குள் இறங்கினார். ஒரு மணி நேரம் கிள்ளிக் காட்டிக்கொண்டே போனார். நான் பின்னாலேயே போனேன்.

ரோட்டோரம் புதுசாக நட்டிருந்த நாலு கல்லைப் பார்த்து என்னவென்று கேட்டார். அப்போது அந்த அரை ஏக்கரை விற்கப் பேசி முடித்திருந்தேன். நகைக்கடன் கழுத்தை நெரித்தது, மகள் கல்யாணத்துக்கும் கையில் எதுவும் இல்லை. ஜவ்வாது மலை தெரிகிற இடமாக ஒரு வீடு வேண்டும் என்று டவுன்காரர் ஒருத்தர் கேட்டிருந்தார். அட்வான்ஸுக்கு நாளும் குறித்தாகிவிட்டது. பாய் சொல்லச் சொல்ல அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். அப்புறம் ஏதோ சொன்னார். பாய் சொல்லத் தயங்கினார்.

"இன்னா சொல்றாரு, சொல்லு."

"நான் வித்தேன், என் பையன் கண்ணு எதிரே இருக்கான். நீ எதுக்கு விக்கறேன்னு கேக்கறாருப்பா."

எனக்குக் கோபம்தான் வந்தது. என் கஷ்டம் இவருக்கு என்ன தெரியும்? பஸ் ஏற்றிவிடுகிறவரைக்கும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அவர் சொன்னதால் நிறுத்திவிட்டேன் என்று எழுதினால் அது பொய். ஒருமுறை நாளைத் தள்ளிப் போட்டேன், அவ்வளவுதான். அதற்குள் 2020 மார்ச்சில் எல்லாத்தையும் மூடிவிட்டார்கள், புரோக்கரே காணாமல் போய்விட்டார்.

அந்த ரெண்டு மாசம் வேலூரை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். காலேஜ் பிள்ளைகள் எல்லாம் போய்விட்டார்கள். காட்பாடியில் டீக்கடைகூட இல்லை. லாட்ஜில் இருந்த வெளியூர் ஜனம் மட்டும் மாட்டிக்கொண்டது, ஆயிரக்கணக்கில். கையில் காசு தீர்ந்து, வாடகைக்கும் வழியில்லாமல், சன்னல் வழியாக எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். காய்கறிக்குக் காலையில் கொஞ்ச நேரம் அனுமதி இருந்தது. பஸ் இல்லை, எக்ஸ்எல் வண்டியில் கட்டிக்கொண்டு போனேன். நல்லவன் என்று காட்டிக்கொள்ள இதை எழுதவில்லை. எனக்கும் வேறு இடத்தில் விற்க வழியில்லை. பாதிக்குக் காசு வாங்கினேன், பாதிக்கு வாங்க மனசு வரவில்லை. அந்த மனுஷர் சன்னலிலிருந்து கயிற்றில் பை விடுவார். கொழுந்தும் பப்பாளிக்காயும் போட்டுவிட்டு வருவேன். பையனும் சன்னல் பக்கத்தில் நிற்பான், தலையில் முடி இருக்காது.

மே மாசம் காட்பாடியிலிருந்து சிறப்பு ரயில் விட்டார்கள். அவர்களும் போனார்கள். போகிறதுக்கு முன்னாடி மகள் நோட்டில் அவர் போன் நம்பரை எழுதிக் கொடுத்தார். வைத்தியம் முடிந்ததா, பாதியில் போனார்களா என்று அந்த அவசரத்தில் கேட்கவில்லை. பாயும் அன்றைக்கு இல்லை.

ஒரு வருஷம் கழித்துப் புரோக்கர் திரும்ப வந்தார், விலையும் கூட வைத்து. வேண்டாம் என்றேன். நகைக்கடன் அதற்குள் பாதி அடைந்திருந்தது. மூன்று கல்லைப் பிடுங்கிவிட்டேன். நாலாவது ஆழமாக நட்டிருக்கிறது, அதன்மேலேயே கொடி படர்ந்திருக்கிறது.

மகள் படிப்பு முடித்து இப்போது வேலூரிலேயே ஒரு ஆபீசில் கணக்கு எழுதுகிறாள். பஸ்ஸில் பொம்பளைகளுக்கு டிக்கெட் இல்லை என்றானதிலிருந்து, ஒருநாள் விட்டு ஒருநாள் பெண்டாட்டிதான் சந்துக்குப் போகிறாள். என்னைவிட நன்றாக வியாபாரம் பண்ணுகிறாள், வங்காளமும் பேசுகிறாள்.

"அந்த நம்பருக்கு ஒரு போன் போடு நைனா. நான் வேணா லாட்ஜுல இருக்கற யாரையாவது பேசச் சொல்றேன்" என்று மகள் எத்தனையோ தடவை சொல்லிவிட்டாள். போடலாம். எடுத்ததும் பையன் எப்படி இருக்கிறான் என்றுதான் கேட்க வேண்டியிருக்கும். அதனால்தான் அறுப்பு முடியட்டும், மழை விடட்டும் என்று சொல்லிக்கொண்டே நாலைந்து வருஷம் போய்விட்டது. நோட்டு மாடத்தில் பத்திரமாக இருக்கிறது.

நாளைக்கு வள்ளைக்கீரை இருபது கட்டு கேட்டிருக்கிறார்களாம். கிணற்று வாய்க்கால் ஓரம் அவ்வளவு இருக்குமா என்று பார்க்கணும். இருட்டுகிறதுக்குள் போய் அறுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன்.