இரு தோழியர்

நுழையும்முன்

விடுதலை என்பது ஒருவர் கொடுக்க மற்றவர் பெறும் பொருளா? தாமே தெரிந்தெடுத்து வாழும் வாழ்வா? தெரிந்தெடுக்கும் வாய்ப்பே இல்லாதவருக்கு அச்சொல் என்ன பொருள் தரும்? பிரெஞ்சுச் சிந்தனையாளர் சிமோன் தெ பொவ்வாரின் வாழ்வும் எழுத்தும் இவ்வினாக்களைச் சுற்றியே அமைந்தன.

ஒரே வகுப்பு, இரு வழிகள்

பாரிசு நகரின் கத்தோலிக்கப் பெண்கள் பள்ளி ஒன்றில், பத்து வயதை ஒட்டிய பருவத்தில் இரு சிறுமியர் நட்புப் பூண்டனர். ஒருவர் 1908இல் பிறந்த சிமோன். மற்றவர் எலிசபெத் லாக்வான். அவரை அனைவரும் ஸாஸா என்றே அழைத்தனர். படிப்பில் இருவரும் இணையானவர்கள். பிரிக்க இயலாத தோழியர் என ஆசிரியர்களே அவர்களைக் குறிப்பிட்டனர்.

அவர்களைப் பிரித்தது அறிவன்று, குடும்பநிலை. சிமோனின் தாத்தா நடத்திய வங்கி முறிந்திருந்தது. முதல் உலகப்போருக்குப் பின் தந்தையின் முதலீடுகளும் அழிந்தன. அவர்களைப் போன்ற குடும்பத்துப் பெண்ணின் திருமணத்திற்கு அந்நாளில் சீதனம் இன்றியமையாதது. அதனைக் கொடுக்க இயலாத தந்தை, மகள்கள் இருவரும் படித்துப் பணிக்குச் செல்ல வேண்டியதுதான் என்றார். அவருக்கு அது தாழ்வு. சிமோனுக்கோ அதுவே வாயில். வீட்டிற்கு நேர்ந்த இழப்பு அவரைத் தம் காலில் நிற்கச் செய்தது.

ஸாஸாவின் வீட்டில் செல்வம் குறையவில்லை. ஆகவே கட்டுப்பாடும் குறையவில்லை. விருந்தினரை உபசரித்தல், உறவினர் வீடுகளுக்குச் செல்லுதல், பெற்றோர் ஏற்கும் மணமகனுக்காகக் காத்திருத்தல் ஆகியவை அவர் நாள்களை நிறைத்தன. தாயை அவர் உயிராக நேசித்தார். வெறுப்பு கட்டிய கயிற்றை அறுத்துவிடலாம். அன்பு கட்டிய கயிற்றை அறுப்பது எளிதன்று. தாம் விரும்பியவரை மணக்கும் ஆவலுக்கும் தாயின் விருப்பத்திற்கும் இடையே அவர் மனம் அலைக்கழிந்தது.

1929ஆம் ஆண்டு சிமோன், மெய்யியல் ஆசிரியர் பணிக்கான தேசியப் போட்டித் தேர்வில் இரண்டாமிடம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 21. முதலிடம் பெற்றவர், முந்தைய ஆண்டு அதே தேர்வில் தோற்றிருந்த ஜான் பால் சார்த்தர். அதே ஆண்டு நவம்பரில் ஸாஸா திடீரென நோயுற்று இறந்தார். அவருக்கும் வயது 21. ஒரே ஆண்டில் ஒருவருக்குக் கதவு திறந்தது. மற்றவருக்கு வாழ்வே முடிந்தது.

விதையும் மனிதரும்

சார்த்தரும் சிமோனும் பின்னாளில் வளர்த்த சிந்தனை இருத்தலியம் எனப்படுகிறது. ஆலவிதை ஆலமரமாகவே வளரும். அதன் வடிவம் விதைக்குள்ளேயே அடங்கியிருக்கிறது. மனிதருக்கு அவ்வாறு முன்கூட்டியே வரையப்பட்ட வடிவம் இல்லை. தாம் தெரிந்தெடுக்கும் செயல்களாலேயே ஒருவர் இன்னார் என ஆகிறார். அத்தெரிவின் பொறுப்பையும் அவரே சுமக்கிறார் என்பது இதன் மையக் கருத்து.

சிமோன் இக்கருத்தை ஏற்றார். எனினும் அதனோடு நிறைவடையவில்லை. எல்லாரும் விடுதலை உடையவர்கள் எனில், வீட்டிற்குள் அடைக்கப்பட்ட பெண்ணும் அவ்வளவே விடுதலை உடையவரா? விடுதலையைப் பேசும்போது ஒருவர் வாழும் சூழலையும் பேச வேண்டும் என்று அவர் சார்த்தரிடம் வாதிட்டார்.

அவ்வாதத்தின் முதிர்ந்த கனியே 1949இல் இரு தொகுதிகளாக வெளிவந்த 'இரண்டாம் பாலினம்' என்னும் நூல். பெண் இயல்பு எனச் சொல்லப்படுவனவற்றுள் பெரும்பகுதி உடலோடு வந்ததன்று. வளர்ப்பும் வழக்கமும் சட்டமும் சேர்ந்து உருவாக்கியது என அதில் அவர் நிறுவ முயன்றார். உலகம் ஆணை மனிதருக்கான அளவுகோலாகக் கொண்டு, பெண்ணை அதிலிருந்து விலகிய மற்றொருவராகக் காண்கிறது என்றார். அதே வேளையில், பிறர் தம் வாழ்வை முடிவு செய்ய விட்டுவிடுவதில் ஒரு வசதியும் உண்டு. அவ்வசதிக்கு மயங்குதலும் தவறே எனப் பெண்களை எச்சரித்தார். விடுதலை இனிமையானது மட்டுமன்று, கனமானதும் கூட.

நூலைச் சூழ்ந்த காலத்தையும் நோக்க வேண்டும். பிரெஞ்சுப் பெண்கள் வாக்குரிமை பெற்றது 1944இல்தான். முதன்முறை வாக்களித்தது 1945இல். கணவரின் இசைவின்றிப் பணியில் சேரவும் தம் பெயரில் வங்கிக் கணக்குத் தொடங்கவும் மணமான பெண்களுக்கு உரிமை அளித்த சட்டம் 1965இல் வந்தது. நூல் கடும் எதிர்ப்பைச் சந்தித்தது. 1956இல் வத்திக்கான் அதனைத் தடைசெய்யப்பட்ட நூல்களின் பட்டியலில் சேர்த்தது. ஐரோப்பிய நடுத்தரப் பெண்களின் வாழ்வையே அது மிகுதியாகப் பேசுகிறது என்னும் குறையைப் பிற்காலப் பெண்ணியர் சுட்டினர். எனினும், அவர்கள் உரையாடலைத் தொடங்குவதற்கு அந்நூலே ஓர் இடம் அமைத்துக் கொடுத்தது.

மறவாத கடன்

புகழின் உயரத்திலும் சிமோன் ஸாஸாவை மறக்கவில்லை. தோழியின் கதையைப் புனைவாக எழுதப் பலமுறை முயன்றார். 1954இல் எழுதி வெளியிடாமல் வைத்த குறும்புதினம், அவர் மறைந்து 34 ஆண்டுகளுக்குப் பின் 2020இல் அச்சேறியது. 1958இல் வெளியிட்ட தன்வரலாற்று நூலை ஸாஸாவின் மரணத்தோடு நிறைவு செய்தார். தாம் பெற்ற விடுதலைக்கு விலை கொடுத்தவர் தோழியோ என்னும் உறுத்தல் அவரை நெடுங்காலம் விட்டகலவில்லை.

அவ்வுறுத்தலே அவர் சிந்தனைக்கு ஆழம் தந்தது எனலாம். இணையான அறிவுடைய இருவருள் ஒருவர் தப்பினார் எனில், அது தப்பியவரின் திறமையால் மட்டும் நிகழ்ந்ததன்று. சீதனம் கொடுக்க இயலாமை என்னும் தற்செயலும் அதில் உண்டு. தற்செயலாகச் சிலருக்குக் கிட்டுவதை விடுதலை என்று சொல்லி ஒரு சமூகம் மனநிறைவு கொள்ளலாகாது. அருகில் அமர்ந்திருக்கும் தோழிக்கும் அது கிடைக்கும்வரை, ஒருவர் பெற்ற விடுதலை பாதியே.