பட்டு ஊரில் ஒரு ரேடியேட்டர் பாடம்

ஆரணிப் பக்கம் போகிறவர்கள் பட்டுப் புடவையோடு திரும்புவார்கள். நான் ரேடியேட்டர் பாடத்தோடு திரும்பினேன்!

தங்கை கல்யாணப் புடவைக்காக, நண்பன் தன் ஹைபிரிட் காரில் என்னை முள்ளிப்பட்டுக்கு அழைத்துப் போனான். வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். தெருவில் பாவு நீட்டியிருந்ததால் வண்டியை நிறுத்தினோம். டேஷ்போர்டில் சிவப்பு விளக்கு... என்ஜின் சூடு!

நண்பன் பானட்டைத் திறந்தான். நான் சாயப்பட்டறை வாசலிலிருந்து ஒரு பக்கெட் போர் தண்ணீரோடு ஓடி வந்தேன். அப்பாவின் அம்பாசடருக்கு அதுதானே வைத்தியம்!

சாயக்காரப் பெரியவர் பின்னாலேயே வந்துவிட்டார். "தம்பி, ஊத்தாதே! அது கை கால் கழுவற உப்புத் தண்ணி. இதுல சாயம் போட்டா பட்டு திட்டுத் திட்டா ஆயிடும். அண்டாவுல வெள்ளையா படியுது பாரு, உன் வண்டிக்குள்ளயும் அப்படித்தான் படியும்."

நண்பன் மூடியில் கை வைத்தான். "கையை எடுப்பா! கொதிக்கிற அண்டாவைத் திறந்தா ஆவி மூஞ்சியில அடிக்கும்."

இழுவை வண்டியில் வேலூர் போனோம். மெக்கானிக் சிரித்தார். "பெரியவர் உங்க முகத்தைக் காப்பாத்தியிருக்கார் சார். உள்ளே இருக்கிறது அழுத்தத்துல இருக்கிற கூலன்ட். திறந்தா பீய்ச்சி அடிக்கும். அதோட, ஹைபிரிட்ல என்ஜின் சத்தமே இல்லைன்னு கையை விடக்கூடாது. சுவிட்சை ஆஃப் பண்ணலைன்னா என்ஜின் தானா ஸ்டார்ட் ஆகும், ஃபேன் தானா சுத்தும்."

பல ஹைபிரிட் கார்களில் என்ஜினுக்கு ஒன்று, மின்சாரத்தை மாற்றித் தரும் இன்வெர்ட்டருக்கு ஒன்று என்று இரண்டு கூலன்ட் தொட்டிகளாம். இரண்டின் அளவையும் பார்க்க வேண்டும். கம்பெனி சொன்ன கூலன்ட்டைத்தான் ஊற்ற வேண்டும்.

"ஒட்டித் தர முடியாதா?" என்றேன்.

"அம்பாசடர்ல பித்தளை ரேடியேட்டர், ஈயம் வெச்சு ஒட்டினோம். இது அலுமினியம், ஓரத்துல பிளாஸ்டிக் தொட்டி. இணைப்புல விரிசல் விட்டா மாத்துறதுதான் வழி. மாத்தினப்புறம் குழாய்ல காத்து தங்காம வெளியேத்தணும். இல்லேன்னா திரும்பவும் சூடுதான்."

கல்யாணத்தில் புடவையைப் பார்த்த மாமி, "சாயம் என்னமா பிடிச்சிருக்கு!" என்றார்.

"எல்லாம் தண்ணி மகிமை மாமி!" என்றேன். நண்பன் மட்டும் சிரிக்கவில்லை. ரேடியேட்டர் பில் அவன் சட்டைப்பையில் இருந்தது.