செத்த காலேஜில் ஒரு புலி

எழும்பூர் மியூசியத்துக்குப் பழைய மெட்ராஸ்காரர்கள் வைத்த பெயர் 'செத்த காலேஜ்'. மிருகக்காட்சி சாலைக்கு 'உயிர் காலேஜ்'. பாடம் செய்த பறவைகள், திமிங்கல எலும்பு என்று சுற்றிவிட்டு வந்தவர்கள் வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

அந்தச் செத்த காலேஜுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா பையனை இழுத்துக்கொண்டு போனேன். பி.காம். இரண்டாம் வருஷம்.

"மியூசியமா? அங்க என்ன மாமா இருக்கு, எல்லாம் பழசு!"

2022-ல் 'பொன்னியின் செல்வன்' படத்தை முதல் நாளே அடித்துப்பிடித்துப் பார்த்தவன். சோழர் என்றால் அவனுக்கு விக்ரமும் த்ரிஷாவும்தான். பஸ்ஸில் கட்டை விரலால் ரீல்ஸைத் தள்ளிக்கொண்டே வந்தான். பாந்தியன் சாலையில் இறங்கியபோதும் தலை நிமிரவில்லை. ஒரு ஆட்டோக்காரர்தான் அவனை நிமிர வைத்தார். (வசனம் அச்சில் ஏறாது!)

கேட்டைத் தாண்டியதும் பால்ஃபர் கதையை எடுத்துவிட்டேன். 1851-ல் தொடங்கிய மியூசியத்தின் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர் என்ற டாக்டர். மனிதர் சூட்சுமக்காரர். உயிரோடு ஒரு சிவிங்கிப்புலியும் ஒரு புலியும் மியூசியத்தில் இருந்ததால்தான் ஜனம் ஆயிரக்கணக்கில் வருகிறது என்று கண்டுகொண்டார். புலியைப் பார்க்க வந்தவன் போகிற போக்கில் கல்லையும் காசையும் பார்ப்பான் அல்லவா? அப்புறம் கர்நாடக நவாபைப் பேசிக் கரைத்து, அவரிடமிருந்த மிருகங்களையெல்லாம் வாங்கிவிட்டார். ஒரே வருஷத்தில் முந்நூறு ஜீவன்களுக்கு மேல்! சென்ட்ரல் பக்கம் போய், 1985-ல் வண்டலூரில் குடியேறிய உயிர் காலேஜ் பிறந்ததே செத்த காலேஜின் வயிற்றில்தான்.

"செம மார்க்கெட்டிங் மாமா!" என்றான் பையன். போன் பாக்கெட்டுக்குள் போனது.

எனக்கு அங்கேதான் பொறி தட்டியது. இன்றைய புலி அந்த பாக்கெட்டுக்குள் அல்லவா உட்கார்ந்திருக்கிறது!

வெளிநாட்டில் சில மியூசியங்கள் இதைப் பிடித்துக்கொண்டுவிட்டன. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் மியூசியம் 2012-ல் ஒன்றேகால் லட்சம் படைப்புகளின் படங்களை நெட்டில் திறந்துவிட்டது. டவுன்லோட் செய்யலாம், டி-ஷர்ட்டில் அச்சடிக்கலாம், ஒரு பைசா கிடையாது. புளோரன்ஸின் உஃபிஸி 2020 ஊரடங்கில் டிக்டாக்கில் இறங்கி, தன் சொந்த ஓவியங்களை வைத்தே காமெடி பண்ணியது. 'போனிலேயே பார்த்துவிட்டால் நேரில் எவன் வருவான்?' என்று கேட்பவர்கள் உண்டு. போட்டோ வந்துவிட்டதே என்று பெண் பார்க்கப் போகாமல் இருந்த மாப்பிள்ளை யாராவது உண்டா, சார்?

ஆனால் புலியைக் கட்டவும் தெரிய வேண்டும். பெயர் வேண்டாம், ஒரு ஊர் மியூசியத்தில் சிலைக்குப் பக்கத்தில் க்யூஆர் கோடு ஒட்டியிருந்தார்கள். ஆசையாக ஸ்கேன் செய்தேன். போர்டில் இருந்த அதே மூன்று வரி போனில் வந்து நின்றது. எழுத்துப் பிழை உட்பட!

எழும்பூர் வெண்கலச் சிலைகளுக்கு வருவோம். நடராஜர் முன்னால் பையன் நின்றது பத்து செகண்ட். திருவெண்காட்டு அர்த்தநாரி முன்னால் நின்றவன் நகரவில்லை.

"மாமா, கை மூணுதான் இருக்கு. ஒண்ணு உடைஞ்சிடுச்சா?"

"உடையலைடா. வலது பாதி சிவன், அவருக்கு ரெண்டு. இடது பாதி அம்பாள், அவளுக்கு ஒண்ணு."

மறுபடி எண்ணிப் பார்த்தான். "டாலி ஆகுது!"

அப்புறம் நான் கூப்பிட்டும் வரவில்லை. ஒரு பக்கம் இடுப்பு நேராக இருப்பதையும் மறுபக்கம் வளைவதையும் அவனே கண்டுபிடித்து எனக்குக் காட்டினான். எத்தனையோ தடவை இந்தப் பக்கம் வந்த நான் கைகளை எண்ணியதோடு சரி.

இதைத்தான் முப்பது செகண்ட் ரீல்ஸாகப் போட வேண்டும் என்கிறேன். ஆண்டு, உயரம், உலோகம் எல்லாம் அப்புறம். 'இவருக்கு எத்தனை கை?' என்ற கேள்வி மட்டும் போனில் போகட்டும். பதில் எழும்பூரிலேயே இருக்கட்டும்.

ராத்திரி அக்கா பையனிடமிருந்து போன்.

"மாமா, கை எத்தனைன்னு கேட்டு ஸ்டேட்டஸ் போட்டேன். எல்லாரும் நாலுங்கிறானுங்க. வர்ற ஞாயிறு அஞ்சு பேரைக் கூட்டிட்டுப் போறேன்."

"பலே!"

"டிக்கெட்டுக்கு மட்டும் நீங்க ஜிபே பண்ணிடுங்க."