பனிக்குள் ஒரு துறைமுகம்

பதுளைப் பக்கத்துத் தோட்டப் பிள்ளைகளுக்குச் சித்திரம் படிப்பிக்கிறேன். உயர்தர வகுப்பில் ஒவ்வோர் ஆண்டும் விரும்பி எடுக்கும் பாடம், குளோட் மொனேயின் ‘இம்ப்ரெஷன், சூரியோதயம்’. 1872இல் பிரான்சின் லு ஹாவ்ர் துறைமுகத்தை ஹோட்டல் ஜன்னலிலிருந்து பார்த்து அவர் வரைந்தது. 1874இல் பாரிஸில் காட்சிக்கு வந்தபோது விமர்சகர் லூயி லெரோய் அதன் தலைப்பிலுள்ள ‘இம்ப்ரெஷன்’ என்ற சொல்லைக் கேலி செய்தார். அந்தக் கேலியே பிறகு ஓர் இயக்கத்தின் பெயராக நிலைத்தது.

படத்தைக் கண்டதும் பிள்ளைகள் “படகு, சூரியன், புகை” என்று சொல்லத் தொடங்குவார்கள். அதைக் கொஞ்சம் நிறுத்திவைப்பேன். பெயர் கிடைத்துவிட்டால் கண் வேலையை விட்டுவிடும். “ஆகக் கருமையானது எது? அடுத்தது எது?” என்று மட்டும் கேட்பேன். முன்னால் நிற்கும் படகைக் காட்டுவார்கள். அதற்குப் பின்னால் உள்ள படகு வெளிறியிருக்கும். மூன்றாவது, நீலச்சாம்பலில் பாதி கரைந்திருக்கும். நிறத்தைக் குறைத்துக் குறைத்தே மொனே தூரத்தை உண்டாக்கியிருக்கிறார்.

எங்கள் பிள்ளைகளுக்கு இது பழகிய காட்சி. அப்புத்தளையில் பள்ளத்திலிருந்து பனி ஏறும்போது காலடித் தேயிலை கரும்பச்சையாக இருக்கும். அடுத்த மலை நீலமாகும். அதற்கப்பால் மலை எது, வானம் எது என்றே தெரியாது.

அடுத்து, படத்தைக் கைபேசியில் கறுப்பு வெள்ளையாக்கிக் காட்டுவேன். சூரியன் கிட்டத்தட்டக் காணாமல் போய்விடும்! அந்தச் செம்மஞ்சள் வட்டத்துக்கும் சுற்றியுள்ள வானத்துக்கும் வெளிச்ச அளவு ஏறத்தாழ ஒன்றே. வேறுபடுவது நிறம் மட்டும். நிறத்தை அறியும் மூளைப்பகுதி சூரியனைக் காண்கிறது. வெளிச்ச வேறுபாட்டை மட்டும் அறியும் பகுதிக்கு அது அகப்படுவதில்லை. அதனால்தான் அது துடிப்பதுபோல் தெரிகிறது என்கிறார் ஹார்வர்ட் நரம்பியல் அறிஞர் மார்கரெட் லிவிங்ஸ்டன்.

கடைசியாகத் தண்ணீர். சூரியனின் பிரதிபலிப்பாகப் படுக்கைவாட்டில் சிறுசிறு செம்மஞ்சள் தீற்றல்கள், ஒன்றன்கீழ் ஒன்றாக விட்டுவிட்டு விழுந்திருக்கின்றன. அந்த இடைவெளிகளில்தான் அலை இருக்கிறது. பதுளை ஓயாவை வரையச் சொன்னால் முழுக்க நீலம் பூசும் பிள்ளைகள், இதைப் பார்த்த பிறகு தூரிகையை எங்கே நிறுத்துவது என்று யோசிக்கிறார்கள்.

இம்மாதிரி ஓவியத்தை விளங்கிக்கொள்ள ஐரோப்பிய வரலாறு முழுதும் தெரிந்திருக்க வேண்டுமோ என்று மாணவர்கள் தயங்குவதுண்டு. வரலாறு பிறகு வரட்டும். பனிக்குள் கொழுந்து மலையைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு இந்த ஓவியத்தின் பாதி ஏற்கெனவே தெரியும். அந்தக் கண்ணை நம்பப் பழக்குவதே சித்திர ஆசிரியரின் முதல் வேலை.