மேக்னட் லிங்க்

திருவாலங்காடு ரயிலடியில் ஷேர் ஆட்டோக்காரரிடம் கதவு நம்பர் சொன்னேன். விழித்தார். 'பதிகம் பாடுவாங்களே, அந்தம்மா வீடு' என்றேன். அவருக்குத் தெரியவில்லை. டீக்கடையில் கேட்டார், டீக்கடைக்காரர் பூக்காரம்மாவைக் கேட்டார். அம்மா போய்ப் பத்து வருஷம். ஆனாலும் வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்கள்.

பரணில் கேசட் இருந்தது, பூஞ்சை பிடித்து. காரைக்கால் அம்மையாரின் மூத்த திருப்பதிகம், அம்மா பாடியது. 2008-ல் அக்கா பையன் இதை எம்.பி.3 ஆக்கி, விளையாட்டாக டோரன்டில் போட்டான். (காப்பிரைட் வில்லங்கம் இல்லை. எழுதியவர் காலமாகி ஆயிரம் வருஷத்துக்கு மேலாகிறது.) அவன் ஹார்ட் டிஸ்க் செத்துப்போய், என் பழைய மெயிலில் மேக்னட் லிங்க் மட்டும் மிச்சம்.

சாதாரண லிங்க் என்பது விலாசம். அங்கிருந்து ஃபைலை எடுத்துவிட்டால் 404. மேக்னட் லிங்க் விலாசம் சொல்லாது. ஃபைலின் கைரேகையை, நாற்பது எழுத்தில், சொல்லும். க்ளிக் செய்தால் பிரவுசர் டோரன்ட் மென்பொருளை எழுப்பிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். அது ஒரு கம்ப்யூட்டரைக் கேட்கும், அது இன்னொன்றைக் கைகாட்டும். டீக்கடை, பூக்காரம்மா. 1999-ல் வந்த நாப்ஸ்டரில் யாரிடம் எந்தப் பாட்டு என்ற பட்டியல் சொந்த சர்வரில் இருந்தது. 2001-ல் கோர்ட் உத்தரவால் கடை மூடியது. இதில் மூடுவதற்குக் கடையே கிடையாது.

அதனால் வாசலை அடைப்பார்கள். 2012-ல் '3' படத்துக்காக சென்னை உயர் நீதிமன்றம் தடை போட, இணைய நிறுவனங்கள் டோரன்ட் தளங்களோடு, பாவம், விமியோவையும் அடைத்தன. குறிப்பிட்ட பக்கங்களை மட்டும் அடைத்தால் போதும் என்று ஜூனில் கோர்ட்டே தெளிவுபடுத்தியது.

ஊரிலிருந்து திரும்பியதும் லிங்க்கை க்ளிக் செய்தேன். மூன்று நாள் பூஜ்யம். நாலாம் நாள் ராத்திரி, உலகத்தில் எங்கேயோ யாரோ ஒருவர் கம்ப்யூட்டரைத் திறந்திருக்கிறார். யார், எதற்கு எங்கம்மா பாட்டை இத்தனை வருஷம் வைத்திருந்தார், தெரியாது. 61 சதவிகிதம் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

டோரன்டில் துண்டுகள் வரிசையாக வராது. பாட்டில் ஆங்காங்கே ஓட்டை. ஒரு துண்டில் அம்மா இருமுகிறாள். 'டேய், டேப்பை நிறுத்துடா!' நிறுத்தவில்லை போல. மறுபடி பாட ஆரம்பிக்கிறாள், அங்கே அறுந்துவிடுகிறது.

கம்ப்யூட்டரை ராத்திரியும் அணைப்பதில்லை. கரண்ட் பில் வந்ததும் வீட்டில் என்ன ஏது என்று கேட்டார்கள். போட்டுக் காட்டினேன். இருமல் வரைக்கும்.