நோய் வந்த வழியும் நாம் நின்ற இடமும்



தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் மஹல்லாவில் ஒரு ஜனாஸா. இறந்தவர் வெளியூரில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். ஓராண்டாக மெலிந்து, வீடு திரும்பி, படுத்த படுக்கையாகி மறைந்தார். 'எய்ட்ஸ்' என்ற சொல்லை எவரும் உரக்கச் சொல்லவில்லை. ஆயினும் அனைவருக்கும் தெரிந்திருந்தது. மய்யித்தைக் குளிப்பாட்ட வழக்கமாக முன்வருவோர் அன்று பள்ளிவாசல் திண்ணையைவிட்டு எழவில்லை. கல்லூரி முடித்திருந்த நாங்கள் நாலைந்து பேரும் அவர்களோடு அமர்ந்துகொண்டோம்.

திண்ணையில் நடந்தது, நோய் எங்கிருந்து வந்தது என்னும் விவாதம். "அமெரிக்கா சோதனைக்கூடத்தில் உண்டாக்கிய கிருமி" என்றார் ஒருவர். "சொட்டு மருந்தில் கலந்து ஆப்பிரிக்காவில் பரப்பினார்கள்" என்றார் மற்றொருவர். "ஒழுக்கக்கேட்டுக்கு அல்லாஹ் இறக்கிய தண்டனை" என்று முடித்துவைத்தார் மூன்றாமவர். லுஹர் நெருங்கியபோது முதிய மோதினார் எழுந்தார். "அது எங்கேருந்து வந்தா என்ன தம்பி, மய்யித்து காத்துக்கிட்டு இருக்கு" என்று சொல்லி, மருந்துக்கடையில் கையுறை வாங்கிவரச் செய்தார். அவரும் இறந்தவரின் மச்சானும் இருவராகவே குளிப்பாட்டிக் கஃபனிட்டனர். நாங்கள் தொழுகைக்கு மட்டும் ஸஃப்பில் நின்றோம்.

அந்த நாள் இன்றும் உள்ளத்தை உறுத்துகிறது. அன்று ஐயமின்றிப் பேசப்பட்ட அம்மூன்று கருத்துகளும் எங்கிருந்து வந்தன என்பதைப் பின்னாளில் தேடிப் படித்தோம்.

முதலாவது கருத்துக்கு ஒரு பிறந்த ஊரே உண்டு. 1983 ஜூலையில் டெல்லியின் 'பேட்ரியட்' நாளிதழில் பெயரில்லாக் கடிதம் ஒன்று வெளியானது. எய்ட்ஸ் கிருமியை அமெரிக்க இராணுவம் உருவாக்கியது என்று அது கூறியது. 1985-இல் சோவியத் இதழான 'லித்ரத்தூர்னயா கஸேத்தா' அதனையே சான்றாகக் காட்டி மீண்டும் எழுத, செய்தி பல நாடுகளின் ஏடுகளுக்குத் தாவியது. இதன் பின்னால் இருந்தது சோவியத் உளவுத்துறையான கேஜிபி. ரஷ்ய வெளிநாட்டு உளவுத்துறையின் தலைவராக இருந்த எவ்கேனி பிரிமகோவ் 1992-இல் இதை ஒப்புக்கொண்டார். இரு வல்லரசுகளின் பனிப்போரில் ஒரு தரப்பு எய்த அம்பு, பல ஆண்டுகள் கழிந்து எங்கள் பள்ளிவாசல் திண்ணையில் வந்து விழுந்திருந்தது.

இரண்டாவது கருத்தைச் சொன்னவர்கள் எல்லாரும் பொய்யர்கள் அல்லர். 1957-க்கும் 1960-க்கும் இடையில் பெல்ஜியத்தின் ஆட்சியிலிருந்த காங்கோவில் ஹிலாரி கொப்ரோவ்ஸ்கி உருவாக்கிய போலியோ சொட்டு மருந்து பெருந்திரளான மக்களுக்குக் கொடுக்கப்பட்டது. அதில் சிம்பன்சியின் கிருமி கலந்திருக்கலாம் என்று எட்வர்ட் ஹூப்பர் 1999-இல் விரிவான நூல் ஒன்றை எழுதினார். அறிவியலாளர்கள் அந்த ஐயத்தைப் புறந்தள்ளாமல் ஆராய்ந்தனர். எஞ்சியிருந்த பழைய மருந்து மாதிரிகளில் அக்கிருமி காணப்படவில்லை. அப்பகுதிச் சிம்பன்சிகளிடம் உள்ள கிருமி மனிதரிடம் உலகெங்கும் பரவியதிலிருந்து வேறுபட்ட கிளை என்பது 2004-இல் தெளிவாயிற்று.

இத்தகைய ஐயங்கள் வேரின்றி முளைப்பதில்லை. அமெரிக்காவின் டஸ்கேகியில் 1932 முதல் 1972 வரை, மேகநோய் கண்ட கறுப்பின ஏழைகளுக்குச் சிகிச்சை தராமலே அவர்களை அரசு மருத்துவர்கள் 'ஆய்வு' செய்தனர். மருந்து கிடைத்த பிறகும் அவர்களுக்கு அது கொடுக்கப்படவில்லை. இத்தகைய வஞ்சனையை அறிந்தோர் சந்தேகப்படுவதைக் குறைகூற இயலாது. ஆயினும் சந்தேகம் என்பது விசாரணையின் தொடக்கம்தான். அதனையே முடிவாகக் கொண்டால் என்ன நேரும் என்பதற்கு நம் சமூகத்திலேயே சான்று உண்டு.

2003-இல் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் வட நைஜீரியாவின் கானோ மாநிலம் போலியோ சொட்டு மருந்தை நிறுத்தியது. அதில் மலடாக்கும் பொருளும் எய்ட்ஸ் கிருமியும் உள்ளன என்னும் பேச்சை, மார்க்க அறிஞர் சிலரும் மருத்துவர் சிலரும்கூட வழிமொழிந்தனர். முஸ்லிம் நாடான இந்தோனேசியாவில் தயாரான மருந்தைக் கொடுப்பதென முடிவான பின்னரே, 2004-இல் பணி மீண்டும் தொடங்கியது. அதற்குள் நைஜீரியாவிலிருந்து போலியோ பல நாடுகளுக்குப் பரவிவிட்டது. சூடான், யேமன் ஆகியவற்றோடு 2005-இல் இந்தோனேசியாவின் குழந்தைகளையும் அது முடமாக்கியது. மருந்து அனுப்பிய நாட்டிற்கே நோய் போய்ச் சேர்ந்தது. வரும் செய்தியைத் தீர விசாரிக்கப் பணிக்கும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 6-ஆம் வசனத்தை எத்தனை ஜும்ஆக்களில் கேட்டிருக்கிறோம்! செய்தி நமக்குப் பிடித்தமானதாக இருக்கும்போதும் அக்கட்டளை பொருந்தும் என்பதையே மறந்துவிடுகிறோம்.

கிருமி உண்மையில் வந்த வழி ஆரவாரமற்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கக் காலத்தில், கேமரூனின் தென்கிழக்குக் காடுகளில் சிம்பன்சியை வேட்டையாடிய யாரோ ஒருவரின் காயத்தில் அதன் இரத்தம் பட்டிருக்க வேண்டும் என்பதே ஆய்வாளர்களின் முடிவு. அப்பகுதிக் காட்டுச் சிம்பன்சிகளின் எச்சத்தைச் சேகரித்து ஆராய்ந்து, மிக நெருங்கிய கிருமியை 2006-இல் கண்டனர். ஆற்றுவழியே அது இன்றைய கின்ஷாசா நகரை அடைந்து, காலனி ஆட்சியின் இருப்புப்பாதைகளோடு பரவியது. அந்நகரில் 1959-இல் எடுக்கப்பட்ட இரத்த மாதிரி ஒன்றில் அக்கிருமியின் தடயம் உள்ளது. மரபணுவை வெட்டி ஒட்டும் கலையை உலகில் எவரும் அறிந்திராத காலம் அது.

"பார்த்தீர்களா, ஹராமான பிராணியைத் தொட்டதால் வந்த வினை!" என்று சிலர் உடனே தீர்ப்பு எழுதக்கூடும். 2012-இல் சவூதி அரேபியாவில் கண்டறியப்பட்ட மெர்ஸ் நோய் ஒட்டகத்திலிருந்து வந்தது. ஒட்டகம் நமக்கு ஹலால் அல்லவா?

மூன்றாவது கருத்தே நம்மை நேரடியாகத் தொடுவது. மானக்கேடான செயல்கள் பகிரங்கமாகும்போது முன்னோர் அறியாத நோய்கள் தோன்றும் என்னும் எச்சரிக்கை இப்னு மாஜாவில் உள்ளது. அதனை மறுக்க நாம் யார்? ஆனால் அது சமூகத்திற்கு விடுக்கப்பட்ட எச்சரிக்கை. படுக்கையில் கிடக்கும் ஒருவருக்கு நாம் வழங்கும் தீர்ப்பு அன்று. ஹிஜ்ரி 18-இல் ஷாம் தேசத்தின் அம்வாஸ் கொள்ளைநோயில், சுவனத்திற்கு நன்மாராயம் கூறப்பட்ட அபூ உபைதா (ரலி) மறைந்தார்கள். முஆத் இப்னு ஜபல் (ரலி) மறைந்தார்கள். அவர்களின் நோயைத் தண்டனை என்று சொல்ல எந்த நாவு துணியும்? கணவனிடமிருந்து பெற்ற மனைவி, கருவிலேயே பெற்ற குழந்தை, ஏற்றிய இரத்தத்தால் பெற்ற நோயாளி ஆகியோர் என்ன குற்றம் செய்தனர்? குற்றமே செய்தவராயினும் அவருடைய தவ்பா நம் கணக்கேட்டில் எழுதப்படுவதில்லை.

எங்கள் மஹல்லாவின் அந்தச் சகோதரரின் மனைவி இத்தாவில் இருந்த நாள்களில், அவ்வீட்டிற்குப் பிள்ளைகளை யாரும் அனுப்பவில்லை. அப்பெண்மணி கொடுத்தனுப்பிய நார்சாவும் எங்கள் வீடுகளில் உண்ணப்படவில்லை. தொடுவதாலோ, ஒரே சஹனில் உண்பதாலோ இக்கிருமி தொற்றாது. இந்தியாவில் இது முதன்முதலாகக் கண்டறியப்பட்டதே 1986-இல் நம் சென்னையில்தான்; விவரம் அறிந்த மருத்துவர்கள் அருகிலேயே இருந்தனர். கேட்கத்தான் எவரும் போகவில்லை. இன்று அரசு மருத்துவமனைகளின் ஏ.ஆர்.டி. மையங்களில் மாத்திரை கட்டணமின்றிக் கிடைக்கிறது. அதைத் தவறாமல் உட்கொள்வோர் நெடுங்காலம் வாழ்கின்றனர்.

அந்த மோதினார் இப்போது இல்லை. அவருடைய இறுதிக் குளிப்பாட்டில் எங்களுள் இருவர் தண்ணீர் ஊற்றினோம். நோயின் தோற்றம் பற்றி அவர் எதுவும் படித்தவரல்லர். மய்யித்தைக் குளிப்பாட்டுவது ஃபர்ளு கிஃபாயா என்பதும், ஊரில் எவரும் செய்யாவிடில் ஊரார் அனைவரும் குற்றவாளிகள் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. எங்களுக்கும்தான் தெரிந்திருந்தது.

நோயுற்றோர் அனைவருக்கும் அல்லாஹ் ஷிஃபா அளிப்பானாக. அந்தச் சகோதரரின் கப்ரை ஒளிமயமாக்குவானாக. அன்று திண்ணையில் அமர்ந்திருந்த எங்களை மன்னிப்பானாக. ஆமீன்.