வில்லையும் சொல்லும்

சூதாட்டத்தை நாம் போற்றுபவரல்லோம். உழைப்பவனின் கூலியை ஓரிரவில் விழுங்கிவிடும் மேசையை எவ்வாறு போற்றுவது? ஆயினும், போக்கர் என்னும் சீட்டாட்டத்தின் போட்டி விதிகளை அண்மையில் படித்தபோது, மொழி கற்பிக்கும் நமக்கு அவற்றிலே ஒரு பாடம் இருக்கக் கண்டோம்.

அமெரிக்காவின் லாஸ் வேகாஸ் நகரில் 2001ஆம் ஆண்டு தோன்றிய போட்டி நெறியாளர் சங்கம், கூடத்துக்குக் கூடம் வேறுபட்டிருந்த ஆட்ட வழக்கங்களை ஒருசீராக்க முனைந்தது. அது தீர்க்க வேண்டியிருந்த வழக்குகளுள் ஒன்று, பொருள் தெளிவற்ற பந்தயம்.

ஒருவன் 400 கட்டியிருக்கிறான். அடுத்தவன், வாய் திறவாது, 1000 பெறுமதியான ஒற்றை வில்லையை முன்னே தள்ளுகிறான். ஈடுகொடுத்தானா, உயர்த்தினானா? விதி தயங்குவதில்லை. சொல்லாதவன் உயர்த்தவில்லை, 400 கொள்ளப்படும், 600 திரும்பும். வில்லை மேசையைத் தொடுமுன் ‘உயர்த்துகிறேன்’ என்றிருப்பின் முழு ஆயிரமும் பந்தயமாகும்.

இன்னொருவன் ‘ஐந்து’ என்கிறான். கட்டாயப் பந்தயங்கள் 200, 400 என உள்ள ஆட்டத்தில் அது ஐந்நூறா, ஐயாயிரமா? நடுவே குவிந்துள்ள தொகையைப் பார் என்கிறது விதி. அது 5000இற்குக் குறைவாயின் 500; அன்றேல் 5000. இடம் நோக்கிப் பொருள் கொள்வது நம் உரையாசிரியர்களுக்கும் புதிதன்று. ஆனால் இங்கே பேசியவனின் உள்ளக்கருத்து விசாரிக்கப்படுவதேயில்லை. விசாரித்தால் என்ன நிகழும்? எதிரியின் முகக்குறியைக் கண்டபின் அவன் கருத்தை மாற்றிச் சொல்வான். எதிரியோ தனக்கு இலாபமான பொருளையே பற்றிக்கொள்வான்.

குறை இல்லாமலில்லை. ஆட்டத்தின் பேச்சுவழக்கு அறியாத புதியவனையே இவ்விதி சுடும். பழகிய சூதன் தப்பிக்கொள்வான். அதனாற்போலும், அசாதாரண நிலைமைகளில் விதியின் எழுத்தினும் நியாயத்துக்கு முதன்மை தரலாமென்று அவ்விதித்தொகுப்பின் முதல் விதியே இடமளிக்கிறது. ஆனால், நியாயம் இன்னதென்று சொல்பவன் நெறியாளனே என்பதையும் நாம் மறத்தற்கில்லை.

இவற்றைப் படிக்கையில் விடைத்தாட் கட்டுக்களே நம் நினைவில் எழுந்தன. இருபொருள்படும் விடையொன்று வருகிறது. கையெழுத்து முத்துப்போலிருந்து, நடையும் பட்டணத்துப் பாடசாலையைக் காட்டுமாயின், ‘பிள்ளை சரியாகத்தான் கருதியிருக்கும்’ என்று புள்ளி இடுவோர் உளர். அதே விடை கோணலெழுத்தில், கிராமத்துப் பேச்சு கலந்து வருமாயின், ‘விளங்கவில்லை’ என்று கோடு கிழிப்பவரும் அவர்களே. வில்லை எவன் கையிலிருந்து வந்ததென்று அந்தச் சூதுமேசை விதி பார்ப்பதில்லை.

எதிர்பார்க்கக்கூடிய இருபொருள் விடைகளை முன்கூட்டியே திரட்டி, இன்னதற்கு இவ்வளவு என்று புள்ளித்திட்டத்திலேயே எழுதிவிடலாமே எனத் திருத்துநர் கூட்டமொன்றிற் கேட்டோம். தலைமை தாங்கியவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“மாஸ்டர், சாப்பாட்டுக்கு முன்னம் இன்னும் முப்பது தாள் கிடக்கு” என்றார்.